வலிக்கு முன்னே மருந்து: நாட்பட்ட புற்றுநோய் வலிக்கு உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்துத் தக்கலைக்கு அருகே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் அம்மா 2 ஆண்டுகளுக்கு மேல் புற்றுநோய் வலியோடு வாழ்ந்தார். மார்பகத்தில் தொடங்கிய நோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. நோய்க்கான சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க எங்களுக்கு மருத்துவர்கள் இருந்தார்கள். வலியைப் பற்றி முடிவெடுக்கும்போது மட்டும் உறவினர் சொன்னதும் அண்டை வீட்டார் சொன்னதும் எங்கள் சொந்தப் பயமுமே துணைக்கு வந்தன. ஊசி போடுவதா, மார்பின் (morphine) என்னும் வலுவான வலி மாத்திரை தொடங்குவதா, தோலில் ஒட்டும் பேட்ச் வாங்குவதா, கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதா, மனநல மருத்துவரிடம் போவதா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, அதுவும் காலந்தாழ்த்தியே முடிவு செய்தோம். இன்று அதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக அந்த வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே; எந்த மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதை முடிவு செய்வது குடும்பத்தின் கையில் இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். எது வலிமையான மருந்து என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நாங்களும் கேட்டோம். அம்மாவின் பக்கத்தில் படுத்த இரவுகளுக்குப் பிறகு எனக்கு வேறோர் அளவுகோல் முக்கியமாகப் பட்டது. வலி இல்லாத நேரத்திலும் அவர் வலியிலேயே இருந்தார். அடுத்தது எப்போது வரும், இருமினால் வருமா, திரும்பிப் படுத்தால் வருமா, கழிவறைக்குப் போகும் வழியில் வருமா என்று உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு தூக்கத்தைக் கெடுத்தது. தூக்கம் கெட்டதால் பகலில் எரிச்சலும் அழுகையும் வந்தன. ஓய்வில்லாத உடம்புக்கு அதே வலி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் 'முழு வலி' என்று பெயரிட்டது இந்தப் பின்னலைத்தான். உடலின் வேதனை, மனத்தின் வேதனை, குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, எனக்கு ஏன் இது வந்தது என்ற கேள்வி ஆகிய நான்கும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பது அவர் கண்டது. ஆகவே ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் எடைபோடுகிறேன்: இது அடுத்த வலிக்கான காத்திருப்பைக் குறைக்குமா, கூட்டுமா?

வலித்தால் மட்டும் ஊசி

நாங்கள் தொடங்கியது இங்கேதான். வலி தாங்க முடியாதபோது அருகிலுள்ள கிளினிக்கில் டைக்குளோபினாக் ஊசி, வீட்டில் பாரசிட்டமால், பிறகு அதைவிட வலுவான டிரமடால் மாத்திரை. இதன் நன்மைகள் வெளிப்படையானவை: பக்கத்தில் கிடைக்கும், மருந்துச் சீட்டுக்காகத் தொலைவு போக வேண்டாம், அரை மணி நேரத்தில் ஓரளவு தணியும். லேசான வலிக்கு இது போதுமானதுகூட. ஆனால் டைக்குளோபினாக் போன்றவற்றைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடலாம், இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசியலாம். டிரமடாலை ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கூட்ட முடியாது. வலி வளர்ந்துகொண்டே போகும், மருந்து ஓர் இடத்தில் நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய குறை, வலி வந்தால்தான் மருந்து என்னும் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நோயாளி தன் வலியை மற்றவர்களுக்கு மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். இரவு 1 மணிக்கு அண்ணனை எழுப்பி பைக் எடுக்கச் சொல்ல அம்மாவுக்கு மனம் வராது. விடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். ஒரு கிளினிக்கில், இந்த நோய்க்கு வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதன் பிறகு அம்மா வலியைச் சொல்வதையே நிறுத்திக்கொண்டார். நாங்கள் அதைத் தேற்றம் என்று எடுத்துக்கொண்டோம். அந்தத் தவற்றை நினைக்கும்போது இன்றும் என் மனம் ஆறுவதில்லை. என் அளவுகோலில் காத்திருப்பை மிகுதியாகக் கூட்டும் வழி இதுவே.

கடிகாரத்தைப் பார்த்து மார்பின்

உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட மூன்று படி ஏணி பலரும் கேள்விப்பட்டது: முதலில் பாரசிட்டமால் போன்றவை, அடுத்து டிரமடால், கோடீன் போன்றவை, கடைசியில் மார்பின். அந்த ஏணியைவிட முக்கியமானது அதனுடன் சொல்லப்பட்ட விதி. வாய் வழியாக, கடிகாரப்படி, ஆளுக்குத் தக்கபடி மருந்து கொடுக்க வேண்டும் என்பதே அது. 2018இல் வந்த புதிய வழிகாட்டுதல் ஏணியை ஒரு பொது வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டது; கடும் வலியோடு வருபவர் ஒவ்வொரு படியாக ஏறிக் காலம் கழிக்கத் தேவையில்லை.

சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ 4 மணி நேரம். அம்மாவுக்கு 10 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் காலை 6, 10, பகல் 2, மாலை 6 ஆகிய நேரங்களிலும், இரவு 10 மணிக்கு இரு மடங்காக ஒரு முழு மாத்திரையும் கொடுக்கச் சொன்னார்கள். நள்ளிரவு 2 மணிக்கு எழுப்பாமல் இருப்பதற்காகவே அந்த இரட்டை அளவு. இடையில் வலி உடைத்துக்கொண்டு வந்தால் கொடுக்க ஒரு கூடுதல் பாதியும் உண்டு. இந்த ஏற்பாட்டின் சாரம் ஒன்றுதான்: வலி கதவைத் தட்டுவதற்கு முன்பே மருந்து உள்ளே இருக்க வேண்டும்.

அம்மா முதல் வாரம் இதற்கு உடன்படவில்லை. மாத்திரையை வாங்கி, விழுங்கியதுபோல் தண்ணீர் குடித்துவிட்டு, வெற்றிலைச் செல்லத்தில் பாக்குக்கு அடியில் வைத்திருந்தார். நான் கண்டெடுத்தபோது 11 பாதிகள் இருந்தன. "இப்பமே எல்லாம் போட்டுத் தீத்தா, பொறவு வலி கூடும்போ எதைப் போட?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் மார்பினைப் பற்றி நம் ஊரில் உள்ள எல்லாப் பயங்களும் இருந்தன. அதற்குச் செவிலியர் சொன்ன விடையை இங்கே எழுதுகிறேன். மார்பினுக்கு டிரமடாலைப் போல ஓர் உச்ச எல்லை இல்லை. வலி கூடினால் மருத்துவர் அளவைக் கூட்டுவார், ஆகவே இன்று சேமிப்பதால் நாளைக்கு எதுவும் மிஞ்சாது. நாள் சென்றால் அளவு கூடலாம், திடீரென நிறுத்தினால் உடம்பு சிரமப்படும். இவை உடலின் பழக்கம், போதைக்கு அடிமையாவது வேறு. வலிக்காக அளவறிந்து, மருத்துவர் பார்வையில் எடுத்துக்கொள்பவர் அடிமையாவது அரிது. மார்பின் தொடங்கினால் முடிவு நெருங்கிவிட்டது என்பதும் பிழை. வலியின் கடுமையைப் பார்த்துத்தான் அதைத் தொடங்குகிறார்கள், மிச்சமிருக்கும் நாட்களைப் பார்த்து அல்ல.

சிரமங்களையும் மறைக்கக் கூடாது. முதல் சில நாட்கள் மயக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் தாமே அடங்கும். மலச்சிக்கல் அடங்காது, அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வயிற்று வலி தாங்காமல் மார்பினையே நிறுத்திவிடும் நிலை வரும். சிறுநீர் குறைந்தால் உடனே சொல்ல வேண்டும், ஏனெனில் சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பில் தேங்கும். உறவினர் யாராவது நல்ல மனத்தோடு வாங்கிவரும் தூக்க மாத்திரையை மார்பினோடு சேர்ப்பது ஆபத்து. இரண்டும் சேர்ந்து மூச்சையே மட்டுப்படுத்தக்கூடும். மாத்திரைகளைப் பூட்டி வைக்க வேண்டும்.

ஒரு விடியற்காலையைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியவில்லை. எங்கள் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போவார்கள். தூக்கமில்லாத அம்மா அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். எத்தனை பேர் வந்தார்கள், யார் முதலில் வந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாத்திரையை ஒழுங்காக எடுக்கத் தொடங்கிய நான்காம் நாள் காலை 6 மணிக்கு நான் எழுப்பியபோது, "இன்னைக்கி வெட்டு இல்லியா மக்களே? ஒரு லைட்டும் காணல்லியே" என்றார். வெட்டு நடந்திருந்தது. கோப்பைகளில் பால் நிறைந்திருந்தது.

எங்கே கிடைக்கும்

மார்பின் தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2014இல் செய்த திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வைத்திருந்து கொடுப்பதை எளிதாக்கியது. குமரி மாவட்டத்தவர் முதலில் கேட்க வேண்டிய இடம் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நெய்யூரிலும் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எல்லை தாண்டினால் திருவனந்தபுரத்தில் 1981 முதல் இயங்கும் மண்டலப் புற்றுநோய் மையமும், மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் தணிப்புச் சிகிச்சைக்காக, அதாவது நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைப்பதற்காக, 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பும் உள்ளன. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நம் மாவட்டத்துக்குத் திருவனந்தபுரம் இன்றும் பக்கத்து ஊர்போலத்தான். பெரிய நோய் என்றதும் கால் தானாக அங்கே திரும்புகிறது.

ஆனாலும் வலி மருந்துக்கு மாதந்தோறும் அங்கே போவது சரியா என்று யோசிக்க வேண்டும். நோயைக் கண்டறிய, சிக்கலான சிகிச்சை பெற அந்த மையம் உகந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கும் உதவி அங்கிருந்து கிடைப்பது கடினம். 2008இலேயே தணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கை வகுத்த கேரளத்தின் வீட்டுப் பராமரிப்பு அங்குள்ள உள்ளாட்சிகளின் மக்களுக்கானது. நமக்கு 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே தணிப்புச் சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. வட்டார ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். சிகிச்சை அங்கே, தொடர் மருந்து இங்கே என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கு அங்குள்ள மருத்துவரிடம் மருந்தின் அளவு எழுதிய கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேட்ச், கரண்ட், நரம்பு ஊசி

பென்டனில் என்பது மார்பின் வகை மருந்து; அதைத் தோல் வழியே இறக்கும் பேட்ச் யாருக்கு என்பது தெளிவு: வாய் அல்லது உணவுக்குழாய்ப் புற்றால் விழுங்க முடியாதவர்கள், ஓயாமல் வாந்தி எடுப்பவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள். ஒரு முறை ஒட்டினால் 72 மணி நேரம். மலச்சிக்கல் மார்பினைவிடக் குறைவு. கடிகாரத்தைப் பார்க்கும் தொல்லை இல்லை. ஆனால் விலை மாத்திரையைவிடப் பல மடங்கு. ஒட்டிய பிறகு வேலை செய்யத் தொடங்கவே 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், ஆகவே ஏறி இறங்கும் வலிக்கு இது பொருந்தாது. இதுவரை மார்பின் வகை மருந்தே எடுக்காதவருக்கு நேரடியாக ஒட்டவும் கூடாது. காய்ச்சலோ வெந்நீர் ஒத்தடமோ பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கி மயக்கம் கூடும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்த்து ஓரம் பெயர்வதும் உண்டு. விழுங்க முடிந்தவருக்கு மாத்திரையே மேல் என்பது என் கருத்து.

எலும்புக்குப் பரவிய வலிக்குக் கதிர்வீச்சு, நம் பேச்சில் கரண்ட் வைப்பது, மருந்துகளால் முடியாத ஒன்றைச் செய்கிறது: வலியின் ஊற்றையே சுருக்குகிறது. இதில் குடும்பங்கள் அறிய வேண்டிய தேர்வு ஒன்று உண்டு. 10 நாள், 5 நாள் என்று பிரித்துக் கொடுப்பதும், ஒரே நாளில் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) ஒரே தடவையாகக் கொடுப்பதும் வலியைத் தணிப்பதில் ஏறத்தாழ ஒன்றே என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரு முறையிலும் 10 பேரில் சுமார் 6 பேருக்கு வலி குறைகிறது. வேறுபாடு பின்னால் வருகிறது: ஒரே தடவை பெற்றவர்களில் 100க்கு 20 பேருக்கும், பிரித்துப் பெற்றவர்களில் 8 பேருக்கும் மீண்டும் கொடுக்க வேண்டியிருந்தது. இடுப்பெலும்பு நொறுங்குவது போல வலிக்கும் ஒருவரைப் பத்து நாள் காரில் ஏற்றி இறக்குவதைவிட, ஒருவேளை இன்னொரு முறை போக நேர்ந்தாலும் ஒரு நாள் போதும் என்று நாங்கள் முடிவெடுத்தோம். கடினமான மேசையில் அசையாமல் படுக்க வேண்டியிருப்பதால் புறப்படுமுன் அந்தக் கூடுதல் பாதி மாத்திரையைக் கொடுத்தோம். பலன் உடனே தெரியாது. முதல் சில நாட்கள் வலி சற்றுக் கூடவும் செய்யலாம், தணிவதற்கு ஒன்று முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். வலி குறைந்ததும் பழைய மார்பின் அளவு மிகுதியாகி மயக்கம் வரலாம்; மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முதுகெலும்பில் நோய் உள்ளவருக்குக் கால் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீர் இறங்காமல் நின்றாலோ அது வேறு வகை அவசரம். விடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

கணையப் புற்றின் மேல்வயிற்று வலிக்கு நரம்புப் பின்னலில் ஆல்கஹால் செலுத்தி வலியைத் தடுக்கும் முறை பெரிய மையங்களில் உண்டு; பொருந்தினால் சில மாதங்கள் பலன் தரும். வலி ஓரிடத்தில் அடங்காத, பல எலும்புகளில் பரவிய நோய்க்கு அது உதவாது.

வர்மத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மாவட்டத்தில் ஆசானிடம் போகலாமே என்று சொல்லாத உறவினர் இல்லை. சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் நான் அவர்களை நம்பியிருக்கிறேன். நோய் அரித்த எலும்பின் மீது அழுத்துவதும் தடவுவதும் எலும்பை முறித்துவிடக்கூடும். பாதத்தில் மெல்ல எண்ணெய் தேய்ப்பது வேறு. அதை ஒவ்வொரு மாலையும் செய்தோம், அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

மனத்துக்கு என்ன செய்வது

வலி தணிந்தால் மனம் தானே சரியாகும் என்பார்கள் சிலர். மனத்தைத் திடப்படுத்தினால் வலி தெரியாது என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது கூற்று நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறது. முதலாவது பெரும்பாலும் உண்மை, ஆனால் முழுதும் உண்மையல்ல. தூக்கம் திரும்பி இரண்டு வாரங்கள் ஆன பிறகும் அம்மா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பேரன் வந்து நின்றாலும் முகம் மலரவில்லை. பிடித்த மரச்சீனியும் மீன்கறியும் வைத்தாலும் தட்டு அப்படியே இருந்தது. நோயை எண்ணி வரும் துயரத்தில் இடையிடையே சிரிப்பு வரும், பிடித்தவரைக் கண்டால் கண் விரியும். எதுவுமே தொடாத நிலை மனச்சோர்வு நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

இங்கே உள்ள தேர்வு மருந்தா, பேச்சா என்பது. மனச்சோர்வு மருந்துகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அவற்றுள் அமிட்ரிப்டிலின், டுலோக்சிடின் போன்றவை எரிவது போலவும் மின்சாரம் பாய்வது போலவும் வரும் நரம்பு வலியையும் தணிக்கும் என்பதால் ஒரே மாத்திரை இரு வேலை செய்யலாம். அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலச்சிக்கலைக் கூட்டும். பேச்சுக்கு அத்தகைய பக்க விளைவு இல்லை. ஆனால் பேசுவதற்கு உண்மை வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நோய் பரவியது தெரியக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து மறைத்தோம். அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்காக அவரும் தெரியாததுபோல் நடித்தார். ஒரே வீட்டில் இரு தரப்பும் நடித்துக்கொண்டிருந்தபோது எந்த ஆலோசகரின் பேச்சும் பயன் தந்திருக்காது. செவிலியர் ஒருவர் அம்மாவிடம் உங்கள் நோயைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அம்மா ஒரு மணி நேரம் பேசினார். மருந்தும் பேச்சும் சேர்ந்தே எங்களுக்கு உதவின. ஒன்றை மட்டும் முதலில் தொடங்க முடியுமென்றால் நான் உண்மையிலிருந்து தொடங்குவேன்.

சாவு வந்தால் நல்லது என்று நோயாளி சொன்னால், அப்படிச் சொல்லாதீர்கள் என்று வாயை அடைப்பதே நம் வழக்கம். உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறீர்களா என்று அன்போடு நேராகக் கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல், மருந்துகளை எடுத்து வைத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவியின் இலவசத் தொலைபேசி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. பராமரிப்பவர்களும் தங்களுக்காக அதை அழைக்கலாம்.

இவ்வளவு ஒப்பிட்ட பிறகும் கடைசி வார்த்தை வலிப்பவருடையது. 10இல் எத்தனை வலி என்று கேட்டு நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வந்தோம். ஒருமுறை 3 என்று இருந்தபோது, அளவைக் கூட்டி அதையும் போக்கிவிடலாமே என்று நாங்கள் கேட்டோம். அம்மா செவிலியரிடம், "மூணு கிடந்தா கிடக்கட்டும். சாயங்காலம் பிள்ளை பள்ளிக்கூடத்திலேருந்து வரும்போ நான் முழிச்சிருக்கணும்" என்றார். அன்று முதல் எங்கள் நோட்டில் வலிக்குப் பக்கத்தில் 'முழிப்பு' என்று இன்னொரு கட்டம் கோடு போட்டு வைத்தோம்.